சத்தம் போடாத சண்டை

இங்கே ஜெர்மனியில் மழலையர் பள்ளிக்குள் நுழையும்போது பெற்றோர் தங்கள் காலணிக்கு மேல் ஒரு நீல நிற உறையை மாட்டிக்கொள்ள வேண்டும். நான்கு வயது மகள் ஆதிரையை அழைத்துவரப் போகும்போது அந்த உறைகளை வேண்டுமென்றே மெதுவாக மாட்டுவேன். உள்ளே ஒரு சீட்டு காத்திருக்கும்: இன்றும் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டாள்.

ஒருநாள் ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். எங்கள் ஊர் தென்காசிக் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்கிற கேள்வி. அதே பழக்கத்தில், "எல்லாரும் சௌக்கியம், நீங்கள் எப்படி?" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு வகுப்புக்குள் போனார். அவர் கேட்டது சுகம் விசாரிப்பதற்கல்ல என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகே உறைத்தது.

எனக்கும் கணவருக்கும் மூன்று ஆண்டுகளாக ஒத்துப்போகவில்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்பது அவர் குறை. குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் உலகத்தைப் பார்க்கிறார் என்பது என் குறை. அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டிக் கண்டித்துவிட்டுப் போனதிலிருந்து கிசுகிசுத்தே சண்டை போடப் பழகினோம். குழந்தைக்கும் கேட்காது என்று நம்பினோம்.

சென்ற ஆனியில் ஊருக்குப் போனோம். அவர் இலத்தூரில் தம் வீட்டில் தங்கினார். நானும் மகளும் தென்காசியில் என் அண்ணன் வீட்டில். பத்து நாள் ஆதிரை யாரையும் கடிக்கவில்லை. அண்ணன் மகள் பூரணியோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள். ஊர்க்காற்று செய்த வேலை என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் எல்லாருமாகக் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஊரில் இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமா என்று கணவரிடம் கேட்டேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கத்திக் கேட்டேன். அவரும் கத்தினார். மூன்று வருடம் அடக்கிவைத்ததையெல்லாம் சாரலில் நனைந்தபடி வாய்விட்டுக் கொட்டினோம். பூரணியின் அலறல்தான் எங்களை நிறுத்தியது. ஆதிரை அவள் தோளைக் கவ்வியிருந்தாள். கண்கள் மட்டும் எங்கள் மேல் இருந்தன.

அடிக்க ஓங்கிய என் கையை மதினி பிடித்துக்கொண்டாள். "அவள ஏன் அடிக்க? பத்து நாளா யாரையாவது கடிச்சாளா? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கயிலதான் அவ கடிக்கா."

அன்று மாலையே அண்ணனிடம் கேட்டேன், நானும் பிள்ளையும் இங்கேயே இருந்துவிடலாமா என்று. அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இங்கன இருந்து என்ன செய்யப் போற? கேக்கவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு மாசம்னா இருந்துட்டுப் போ."

மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள். மூவரும் ஒரே விமானத்தில் திரும்பினோம்.

இப்போது கணவர் கூடத்தில் படுக்கிறார்; நானும் மகளும் அறையில். எங்களுக்குள் பேச்சே இல்லை. பள்ளியிலிருந்து சீட்டும் வருவதில்லை. ஆசிரியை என் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் ஆதிரையின் மணிக்கட்டைப் பார்த்தேன். சின்னச் சின்னப் பல்தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள குறுகிய நடையில் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். "இங்கன ஏன்மா இருக்க? உள்ள வா," என்றேன்.

"இங்கன இருந்தாத்தான் ரெண்டு பேரும் தெரியுது," என்றாள்.