ஒரு வாரக் கண்ணாடி

சலூனில் அவனுக்கு 'ஒன்றரை' என்று பெயர். வலக்கண் எதிரில் இருப்பவரைப் பார்க்கும். இடக்கண் மூக்கோரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். நாற்பத்தொரு வயதாகிறது, பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதற்காகக் கத்தி ஒரு மயிரிழைகூடப் பிசகியதில்லை. ஆனால் யார் நம்புகிறார்கள்? புதிதாக வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் கத்தியையும் அந்தக் கண்களையும் ஒருசேரப் பார்த்ததும், "ஒரு போன் வருது" என்று துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். போன் மட்டும் அடித்தே இருக்காது.

பழைய முதலாளி இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவர் போனபின் மகன் வந்து, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க பயப்படுறாங்க. இப்பல்லாம் ஆபரேஷன் பண்ணிக் கண்ணை நேராக்கிடறாங்களாம். பண்ணிக்கிட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த மாசத்துலேருந்து உள்ள துண்டு துவைக்கிற வேலையப் பாருங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுக்கிறவர்கள் உண்டு. அதற்குக் கத்தி தேவையில்லை.

மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா நல்ல மாதிரி, அவசரப்படாமல் பேசினார்.

"சின்ன வயசிலேயே உங்க மூளை இடக்கண்ணு பாக்கறத வேண்டாம்னு ஒதுக்கிடுச்சு. கண்ணை நேராக்கினா அதுவும் பாக்க ஆரம்பிக்கலாம். அப்ப எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். நிறைய பேருக்குக் கொஞ்ச நாள்ல சரியாயிடும். சிலருக்கு ஆகாது."

"நான் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்மா?"

டாக்டரம்மா ஒரு மூக்குக்கண்ணாடியில் மெல்லிய, கோடு போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கொடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படித் தெரியுமோ, கிட்டத்தட்ட அப்படித் தெரியுமாம். "ஒரு வாரம் போட்டுப் பாருங்க. வண்டி ஓட்டாதீங்க, கூர்மையான எதையும் தொடாதீங்க" என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு அவன் "கடையில" என்று மென்று விழுங்கினான்.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, வேணாங்க. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு ஆயிடப் போகுது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

கண்ணாடியைப் போட்டதும் வீட்டில் இரண்டு வாசல், இரண்டு மனைவி. ஐயோ, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். முதல் நாள் சுவரில் முட்டிக்கொண்டான். நான்காம் நாள் ஒரு சூட்சுமம் பிடிபட்டது: வலப்பக்கம் தெரிவது மெய், இடப்பக்கம் மங்கலாகத் தெரிவது பொய். பொய்யை விட்டுவிட்டு மெய்யைத் தொட்டால் தீர்ந்தது. இவ்வளவுதானா என்று நெஞ்சு பூரித்தது. டாக்டரம்மா சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் கத்தி பிடிக்க முடியுமா என்று பார்க்கத்தானே இந்தக் கண்ணாடி? கத்தி பிடிக்காமல் அதை எப்படிப் பார்ப்பது?

யாரை உட்கார வைப்பது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. தபால்காரர் பதினெட்டு வருஷமாக அவன் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை. விஷயத்தைக் கேட்டவர், "அட, உன் கைய நம்பித்தானேப்பா வர்றேன், கண்ண நம்பியா? போடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கன்னம் வரை பூப்போல வந்தது. தாடைக்குக் கீழே வழிப்பதற்கு அவன் தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான், மெய்யும் பொய்யும் இடம் மாறிக்கொண்டன. எது தாடை, எது அதன் நிழல் என்று மனம் முடிவு செய்வதற்குள், பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக இறங்கிவிட்டது. காதுக்குக் கீழே நான்கு தையல். தபால்காரர் திட்டவில்லை. "பரவாயில்லப்பா, பரவாயில்லப்பா" என்றே சொல்லிக்கொண்டு ரத்தத் துண்டோடு போனார். திட்டியிருக்கலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அவன் அன்று முழுவதும் குமைந்தான்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, உண்மையையும் சொல்லி, ஆபரேஷன் வேண்டாம் என்றான். டாக்டரம்மா கோபப்பட்டார்; பிறகு, உங்களுக்கு அதுதான் நல்லது என்று ஒத்துக்கொண்டார். மறுபடி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. கையும் பழையபடி நிதானத்துக்கு வந்துவிட்டது. தபால்காரர் மட்டும் வந்து உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் பார்ப்பார்கள், முதலாளியிடமும் வாய் திறந்து பேசலாம் என்று காத்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். அவன் நாற்காலியைத் தட்டி, வெள்ளைத் துணியை உதறி நின்றான்.

"வாங்கண்ணே. காலியாத்தான் இருக்கு. அந்தக் கண்ணாடியத் திருப்பிக் குடுத்தாச்சு."

"இல்லப்பா." அவர் கை தானாகக் காதோரம் போயிற்று. "இன்னிக்குக் கொஞ்சம் அவசரம்."

சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காகக் காத்திருந்த மூன்று பேருக்குப் பின்னால் பெஞ்சில் போய் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவன் நாற்காலி அதுவரை காலியாகவே கிடந்தது.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முதலாளி இன்னும் கூப்பிடவில்லை. அவனே கத்தியைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டு, உள்ளே போய், ஈரத் துண்டுகளை வாளியில் அள்ளிப் போட்டான்.