படியில் ஒட்டிய காலை எடுத்துவிட்டாள் அங்காளம்மா

அங்காளம்மன் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தச் செஞ்சிக்காரனின் வணக்கம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில், "படியில நிக்காத, உள்ள போ!" என்று கத்தியே தொண்டை கட்டும். கடைசியில் என் கால்தான் படியில் ஒட்டிக்கொண்டது.

பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நடக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும். வாசற்படி, பஸ் படி என்றால் கேட்கவே வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மலையனூர் பஸ் ஏறும்போது அப்படித்தான் விழுந்தேன். நெற்றியில் தையல். அதோடு வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டேன். குழந்தை மாதிரி அழுதேன்.

தினமும் விளக்கு வைத்ததும் அம்மனிடம் சண்டைதான். "சிவன் கையில ஒட்டுன கபாலத்தையே உடவெச்சவ நீ. என் கால எடுத்து உடமாட்டியா? உன் வாசலுக்கு என் கால்லயே நடந்து வரணும் தாயே!"

ஐப்பசியில் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிப்போன புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மெஷினைக் காட்டினார்கள். முட்டிக்குக் கீழே கட்டவேண்டும். ஒட்டும் பட்டைகள் இரண்டின் வழியாக லேசான கரண்ட் போய் நரம்பைத் தட்டும், பாதம் எழும்பும். "நோய் போவாது ஐயா. எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்லமுடியாது. மாத்திரையோட சேத்து இதையும் பாக்கலாம்" என்றார் பிசியோதெரபி அம்மா. கரண்ட் என்றதும் எனக்கு உதறல். ஆனால் கட்டிவிட்டதும் பத்தடி நிற்காமல் நடந்தேன். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

வீட்டுக்கு வந்ததும் மெஷின் செத்துப்போனது. ஒரு அசைவும் இல்லை. மூன்று நாள் கட்டிக் கட்டிப் பார்த்தேன். "ஆசகாட்டி மோசம் பண்ணிட்டியே!" என்று அம்மனைத் திட்டிவிட்டு விளக்கே வைக்காமல் படுத்தேன். நான்காம் நாள் மனசு கேட்கவில்லை. விளக்கேற்றி, "நீயே கதி" என்று கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்கவில்லை, போன் அடித்தது. அதே பிசியோதெரபி அம்மா!

"எப்டி நடக்கறீங்க ஐயா? அந்தப் பட்டைய வீடியோல காட்டுங்க பாக்கலாம்."

காட்டினேன். "இன்னா ஐயா, ஒட்டுற பக்கம் பூரா மஞ்சளா இருக்குது?"

என் மனைவி காசியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் பஸ் டிக்கெட் மெஷின் ஆனாலும் மிக்ஸி ஆனாலும் புதுசுக்கு மஞ்சள் குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். பட்டையை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் ஈர மஞ்சள் தடவியிருக்கிறாள்!

"மெஷினுக்குப் பொட்டு வைங்கம்மா. பட்டைய உட்ருங்க, மஞ்ச மூடிட்டா கரண்ட் கால்ல ஏறாது" என்று சிரித்துவிட்டு, அந்த அம்மா புதுப் பட்டை அனுப்பினார். ஒட்டினேன். கால் எழும்பியது. காசியம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

தை அமாவாசை. செஞ்சி பஸ் ஸ்டாண்ட், அதே மலையனூர் பஸ், பின்னால் அதே கூட்டம். கால் ஒரு நொடி தயங்கியது. "பெரியவரே, படியில நிக்காதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார். காலில் சுருக்கென்றது. பாதம் எழும்பியது. ஏறிவிட்டேன்! "ரைட், போலாம்!" என்று நான் கத்த, பஸ்ஸே சிரித்தது. அன்று அம்மன் வாசலுக்கு என் காலில் நடந்து போனேன்.

நோய் இன்னும் இருக்கிறது. மாத்திரையும் மெஷினும் இருக்கின்றன. பயம்தான் இல்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அவளிடம் உரிமையோடு சண்டை போடுங்கள், விளக்கை மட்டும் நிறுத்தாதீர்கள். அவள் மனுஷர் ரூபத்தில்தான் வருவாள், டாக்டரிடமும் போங்கள். அடுத்த அமாவாசைக்கு வாருங்கள், பார்க்கலாம். படியில் தேடாதீர்கள். நான் உள்ளே போயிருப்பேன்.