யானையின் பின்னங்கால்

நான் ஜேர்மனிக்குப் போய்வந்த இடைவெளியில் வீட்டில் என் சைக்கிளைத் தூக்கிப் பெரியப்பாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தால் முதலில் வருவது அந்தச் சைக்கிள்தான். ஒரு பிள்ளை இரண்டு கிழமை வீட்டில் இல்லையென்றால் அவளுடைய சாமானை எடுத்து ஊருக்குக் கொடுத்துவிடுவார்களா? இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் யானையிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

அப்போது சண்டையை நிறுத்தி வைத்திருந்த சமாதான காலம். அதன் கடைசி மாதங்கள் அவை என்பது எங்களுக்குத் தெரியாது. நான் வன்னியில் முரசுமோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் நாடக ரீச்சர் ஒரு நாடகம் எழுதிப் பழக்கியிருந்தார். விளைந்த வயலுக்குள் காட்டு யானை இறங்கிவிடுகிறது. அதைத் துரத்துவது யாருடைய வேலை என்று வயல்காரர்கள் வரம்பில் நின்று வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் யானை வயல் முழுவதையும் தின்றுவிட்டு, களைத்துப்போய், அவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் நாடகம்.

உரப்பைகளைத் தைத்துத் தடி வளையங்களின் மேல் போர்த்திய யானை அது. உள்ளே இரண்டு பேர். முன்னங்கால் என் வகுப்புக்காரி. தும்பிக்கை, காது, வெளியே பார்க்க ஒரு ஓட்டை என்று எல்லாம் அவளுக்குத்தான். நான் பின்னங்கால். எனக்குக் கிடைத்தது அவளுடைய இடுப்பு மட்டும். குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் நடக்க வேண்டும். யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். யானை உட்காருவதென்றால் முதலில் மடிய வேண்டியது பின்னங்கால். அதுவும் தொப்பென்று மடியக்கூடாது. ஒரு கால் மடிந்து, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் மற்றக் கால் மடிய வேண்டும். சபை விழுந்து விழுந்து சிரிப்பது அந்த இடத்தில்தான். அந்தச் சிரிப்பு முழுக்க என்னுடையது.

எங்கள் பக்கம் சுற்றிப் பார்க்க வந்த ஜேர்மன்காரர் சிலர் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாடக விழா இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஊரே வாயைப் பிளந்தது. கொழும்பைக் கண்டிராத பிள்ளைகள் நேரே பிளேன் ஏறப் போகிறோம்.

வன்னியை விட்டு வெளியே போவதற்கு அப்போது அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் பாஸ் வேண்டும். என் வயதுப் பிள்ளை போவதென்றால், இவள் திரும்பி வருவாள் என்று வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிள்ளை வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில், எப்படிப்பட்ட பதில் என்று யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. எங்கள் வீட்டில் அப்பா நின்றார். ஒரு மண்வெட்டிப் பிடி வாங்குவதற்கே நாலு நாள் யோசிக்கிற மனிதர், கேட்ட உடனே போய் நின்றுவிட்டு வந்தார். அப்பா என்னை எவ்வளவு நம்புகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

புறப்படும் அன்று அம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். உரப்பைக்குள் நிற்கப் போகிறவளுக்கு எதற்குத் தங்கத் தோடு என்று கேட்டேன். அம்மா தோட்டின் சுரையை இன்னும் ஒருமுறை இறுக்கிவிட்டார்.

“மாமா வந்து உன்னைப் பாப்பார். அவர் சொல்லுறபடி கேட்டு நட, என்ன?”

மாமா என்பது அம்மாவின் தம்பி. எனக்கு நினைவு தெரிய முன்னமே ஜேர்மனிக்குப் போனவர். பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்கிறார் என்று நினைத்து, ஓம் என்றேன்.

அங்கே முதல் நாள் எங்கள் மானத்தை வாங்கிவிட்டார்கள். நாடகம் தொடங்க முன்னம் அந்த ஊர்க்காரர் ஒருவர் மேடையில் ஏறி எங்களைப் பற்றி நீட்டி முழக்கினார். எங்களுக்குப் பாஷை விளங்கவில்லை. ஆனால் சபையின் முகம் சாவீட்டு முகமாக மாறியது விளங்கியது. யுத்தத்திலிருந்து வந்த பாவப்பட்ட பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்த மனிதர் சிரிப்பார்? நான் ஒரு காலை மடித்தேன், யோசித்தேன், மற்றக் காலை மடித்தேன். ஒரு சத்தமில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். ஓட்டையால் பார்த்த முன்னங்கால் சொன்னாள். யானை உட்காருவதைப் பார்த்து அழுகிற சனத்தை நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. எங்களைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லி யார் கேட்டது?

இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது, கடைசி நாளில். அதற்கு முந்தின நாள் ரீச்சர் போய், நாளைக்கு ஒன்றும் பேச வேண்டாம், இது யானை என்று மட்டும் சொல்லுங்கள் என்று அந்த மனிதரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். நாளைக்குச் சிரிக்க வைக்கிறோம் என்று நானும் முன்னங்காலும் சபதம் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பின்னேரம்தான் மாமா வந்தார். கையில் எனக்கென்று ஒரு தடித்த ஜக்கெற். அதை என் தோளில் போட்டுவிட்டு, வா போவம், கார் வாசலில் நிற்கிறது என்றார். எங்கே என்று கேட்டேன். தன் வீட்டுக்காம். எப்போது திரும்பிக் கொண்டுவந்து விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் ஜக்கெற்றின் பொத்தானைப் பூட்டிவிடத் தொடங்கினார். எனக்குச் சந்தேகம் தட்டியது. நாளைக்கு நாடகம் இருக்கிறது, அது முடிந்தவுடனே விமான நிலையத்துக்குப் போக வேண்டும், இப்போது எங்கேயும் வர முடியாது என்று சொன்னேன்.

“நீ பின்னங்கால்தானே பிள்ளை. வேறை ஆரும் நிப்பினம்.”

மாமா வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் போயிருப்பேன். ஜக்கெற்றைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். வர முடியாது, அப்பா எனக்குப் பிணை நின்றிருக்கிறார் என்று கத்தினேன்.

“கொப்பருக்கும் தெரியும்,” என்றார் மெதுவாக.

பச்சைப் பொய் என்று எனக்குத் தெரிந்தது. நான் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்த அப்பா, வராதே என்று சொல்வாரா? ரீச்சர் இதைக் கேட்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்து, “நான் உள்ளுக்குப் போறன். நான் ஒண்டும் காணேல்லை,” என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மேடையில் பேசிய மனிதருக்கு அவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன ரீச்சர், என்னை இப்படி நடு விறாந்தையில் விட்டுவிட்டு ஓடலாமா? மாமா வெகுநேரம் கெஞ்சினார். பிறகு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த ஊரில் அழாத ஆட்களே இல்லைப்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சபை சிரித்தது. நான் முதல் காலை மடித்தபோது ஒரு குழந்தைதான் சிரித்தது. மற்றக் காலை மடித்தபோது மண்டபம் முழுக்கச் சிரித்தது. உரப்பைக்குள் முன்னங்கால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது என் கைகளில் தெரிந்தது.

வென்றவளாக ஊர் திரும்பினேன். பள்ளிக்கூட வாசலில் அப்பா தன் சைக்கிளோடு நின்றார். வான் கதவு திறந்து ஒவ்வொருவராக இறங்க, இறங்க, அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. நான் போய் முன்னால் நின்று, உங்கள் பிணையைக் காப்பாற்றிவிட்டேன் அப்பா என்றேன். அவர் ஓம் என்றார். என் பையை வாங்கிச் சைக்கிளில் கட்டினார்.

அம்மா குசினியில் இருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த அகப்பை விழுந்தது. ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் வந்தனி?”

இதைத்தான் கேட்டார். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது? அழுதுகொண்டே அறைக்குள் போனால், என் வெள்ளைச் சட்டைகளை வெட்டிச் சிறிதாக்கித் தங்கைக்குத் தைத்திருக்கிறார்கள். என் புத்தகங்கள் இல்லை. கொட்டிலுக்குள் சைக்கிள் இல்லை.

அந்த ஆவணியிலேயே சண்டை திரும்பத் தொடங்கி, வன்னியை விட்டு வெளியே போகிற பாதை பூட்டிவிட்டது. அடுத்த வருடம் இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்தபோது முன்னங்காலைக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. என்னை அம்மா தெரிந்தவர்கள் வீடுகளில் மாற்றி மாற்றி ஒளித்துக் காப்பாற்றினார். அந்த நாட்களில் ஒரு வீட்டின் இருட்டு மூலையில் குந்தியிருக்கும்போதுதான் தோடும் பிணையும் ஜக்கெற்றும் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கின. என் கோபம் அதனால் தணிந்துவிடவில்லை. ஆள்தான் மாறியது. பிள்ளை வீடு திரும்பிவிட்டாளே என்று ஒரு தாயை நெஞ்சு பதற வைத்தவர்கள், எந்தப் பக்கத்து ஆட்களென்றாலும், அவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்த அநியாயம் சைக்கிள் ஒன்றுதான். நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய் அதை அவர் மகளின் கையிலிருந்து பறித்தேன். நான் வந்துவிட்டேன் என்று ஒழுங்கை முழுக்கத் தெரியட்டும் என்று மணியை அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு படலையிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தலைமயிர் அவிழ ஒழுங்கைக்கு ஓடிவந்து, சைக்கிளை மறித்து, மணியைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தினார்.

என் சைக்கிள், என் மணி, நான் அடித்தால் இவருக்கு என்ன என்று நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன்.