இலக்கியத் தாளை எடுத்த கூட்டம்

கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்று பெயர். யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் சுருக்கெழுத்தில் ஒரு சொல்லைத் தப்பவிடமாட்டாள். வினாத்தாள்களைத் தட்டச்சு செய்வதும் கல்விக்குழுக் கூட்டங்களில் குறிப்பெடுப்பதும் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. கூட்டத்தில் உட்காருகிறவர்களுக்கு அவளும் மேசை நாற்காலி மாதிரிதான். அவள் காதுபட எதையும் பேசுவார்கள்.

அந்த வருடம் வந்த பிரச்சினை, கணினியும் வணிகவியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இலக்கியத் தாள் எதற்கு, எடுத்துவிடலாமா என்பது.

மின்னல் இலக்கியம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் மாமியார் ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தட்டச்சுக்கு வந்த வினாத்தாளில் ஒரு கதையின் பெயரைப் பார்த்து, பாடப்புத்தகத்தை வாங்கிச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டுகிற ஒருத்தி, தெரிந்தே தண்ணீரைக் கொஞ்சம் சூடாக ஊற்றிவிடுகிற கதை. கட்டினவனிடம்கூட மின்னல் வாய்விட்டுச் சொல்லாததை யாரோ அச்சில் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மாமியாருக்கு வெந்நீர் விளாவியபோது, முழங்கையை விட்டு இரண்டு தடவை சூடு பார்த்தாள்.

அந்தக் கதைக்கு வினாத்தாளில் இருந்த கேள்வி, ‘மாமியாரின் குணநலன்களை விவரி.’ பத்து மதிப்பெண். மூன்று வருடமாக அதே கேள்வி. கேட்டவர் இலக்கியத் துறைத் தலைவர். வகுப்பில் குறிப்புச் சொல்லி எழுதவைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாததால் பிள்ளைகள் அவரை நோட்ஸ் ஐயா என்பார்கள்.

கூட்டத்தில் அந்த நோட்ஸ் ஐயாதான் எழுந்து, இலக்கியம் இல்லாத கல்வி முழுமையடையாது என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். கணினித் துறைத் தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“சரிங்க சார். பாடத்துல இருக்கற கதையில ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. அதைப் படிச்சா என் பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லுங்க. நான் உங்க பக்கம் கை தூக்கறேன்.”

அவர் சிரித்தார். “கதையெல்லாம் கெடக்கட்டும்மா. எங்க ஆளுங்க நாலு பேருக்கு வகுப்பு இல்லாமப் போகுதே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

மின்னலின் பென்சில் நின்றது. துறைத் தலைவி கேட்ட கேள்விக்குப் பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் குறிப்பெடுக்கிறவள் பேசுவது வழக்கமில்லை. பென்சிலை மறுபடி ஓட்டினாள்.

முதல்வர் வழி சொன்னார். இலக்கியத் தாளுக்குப் பதில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி. அதே நேரம், அதே ஆசிரியர்கள். நோட்ஸ் ஐயா முதல் ஆளாகக் கை தூக்கிவிட்டு, தூக்கிய கையாலேயே தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். அவர் மென்று முடிக்கிறவரை மின்னலால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி தட்டச்சு செய்து முதல்வர் மேசையில் வைத்தாள். அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னம்மா இது?”

“பேசினதுதான் சார்.”

“பேசினதையெல்லாமா போடுவாங்க? முழுமையான கல்விக்கு இலக்கியத்தோட பங்கு பத்தி ஆழமா விவாதிச்சாங்கன்னு போடும்மா.”

“அப்படி யாரும் விவாதிக்கலையே சார். அதை நான் அடிக்கலை. வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க.”

வேறு ஒருவர் அடித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மின்னலுக்கு அவர்கள்மேல் வந்த அருவருப்பு ஒரு பங்கென்றால், தன்மேல் வந்தது இரண்டு பங்கு. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு காகிதத்தில் ரோஷம் காட்டி என்ன பிரயோஜனம்?

அவள் மகள் அதே கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் வருடம். புது வகுப்பு எப்படிப் போகிறது என்று ஒருநாள் துணி மடிக்கும்போது மின்னல் கேட்டாள்.

“நோட்ஸ் ஐயா இப்ப எவ்வளவோ தேவலைம்மா. எப்படிக் கை குலுக்கணும்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லித் தர்றாரு. போன வருஷம் தூங்கி வழிஞ்சோம்.”

“போன வருஷம் அந்த மாமியார் கதை இருந்துச்சே, படிச்சியா?”

“குணநலன்தானே? பத்துக்கு ஒம்பது போட்டாரு.”

“கதையைப் படிச்சியான்னு கேட்டேன்.”

“நோட்ஸ் இருக்கும்போது கதையை எதுக்கும்மா படிக்கணும்?”

ஆறு வருடமும் அதே வீட்டில், பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின பெண். மின்னல் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்தத் தாள் இருந்த காலத்திலேயே செத்துத்தான் கிடந்திருக்கிறது. கூட்டம் போட்டு எடுத்தது பிணத்தைத்தான்.

அடுத்த மாதம் எழுதிக் கேட்டு, தேர்வு நுழைவுச்சீட்டுப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அங்கே பெயரும் எண்ணும் சரிபார்க்கிற வேலை. நல்ல வேலையை ஏன்க்கா விட்டுட்டீங்க என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டபோது, காது புளிச்சுப்போச்சு என்றாள். அவர் காது வலியாக்கும் என்று நினைத்து ஒரு டாக்டரின் முகவரியைக் கொடுத்தார். வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.