சாமி கிடாயும் நல்லம்மாளின் வெள்ளாட்டுக் கட்டியும்

பள்ளிபாளையத்தில் ஆற்றோரம் இருந்த ஓர் ஆலையின் விருந்தினர் விடுதியில் நல்லம்மாள்தான் சமையல். 1979இல் புது இயந்திரம் பொருத்த வந்த பிரெஞ்சு இஞ்சினியர் ஊர் நினைப்பில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். வெள்ளாட்டுப் பாலைத் திரிய வைத்து, உப்பிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சீஸ் கட்டி ஆக்கும் வித்தையை அவர்தான் கையைக் காலை ஆட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆறே மாதம். பிறகு எந்தக் கட்டியைத் தின்னலாம், எது ஆகாது என்று அவரே அவளைக் கேட்டுத்தான் தட்டில் கை வைத்தார்.

கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல எழ வேண்டும். எழாமலே கிடந்தால் அது பழசாகிப்போன சங்கதி. முகர்ந்தால் தழை வாசம் வரலாம். ஆட்டு வாசம் வரவே கூடாது. ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட தூக்குப்போசியில் அடைத்துத்தான் பிரிட்ஜுக்குள் விடுவாள். திறந்து வைத்தால் மீன் குழம்பு வாசத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுவாள். ஜில்லென்று தின்பதற்கு ஐஸ் கட்டியே போதுமே என்பது அவள் கட்சி.

இஞ்சினியரின் கம்பெனிப் பெரியவர்கள் ஞாயிறு மதிய விருந்துக்கு வருகிறார்கள் என்றதும் மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கோயமுத்தூர் ஓட்டல்ல ஒரு குக்கைப் பேசி வெச்சிருக்கேன், நல்லம்மா. அவங்க ஊரு சீஸையே அவங்களுக்குப் போடப் போறே. மூஞ்சி சுளிச்சாங்கன்னா, திங்கக்கிழமையிலிருந்து அந்த ஆளுதான் இங்கே."

"சுளிக்க மாட்டாங்க. நீங்க வெசனப்படாதீங்க."

சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்த பாலில் கிடா நாற்றம்.

பால் ஊற்றும் செல்லாயியின் ஆட்டுப்பட்டி விடுதிக்குப் பின்னால்தான். போய்ப் பார்த்தால், கருப்பணாருக்கு நேர்ந்துவிட்ட கிடாய் பாலாடுகளை உரசிக்கொண்டு ராசா மாதிரி நிற்கிறது. அந்த வீச்சத்துக்கு நடுவில் கறந்தால் பால் வேறெப்படி இருக்கும்?

"கட்டிப் போடக் கூடாதா, செல்லாயி?"

"சாமி கிடாயை ஆருங்கக்கா கட்டுவாங்க? முடுக்கி வெரட்டவும் கூடாது. அது பாட்டுக்கு ஊரைச் சுத்தீட்டு இருந்துச்சு. போன வாரம் நீங்கதானுங்க அகத்திக்கீரை ஒடிச்சுக் குடுத்தீங்க. அன்னையிலிருந்து இங்கயே நிக்குது."

உண்மைதான். சாமி கிடாய் வாசலுக்கு வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று மூன்று நாள் தீனி போட்டவள் அவள்தான். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். கட்டக்கூடாது, முடுக்கக்கூடாது, சரி. தீனி போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

மறுநாள் விடிந்ததும் ஒரு கட்டு அகத்திக்கீரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். கிடாய் பின்னாலேயே வந்தது. அரை மைல் தள்ளி மேனேஜரின் பங்களா. அங்கே கேட்டில் கீரையைக் கட்டித் தொங்கவிட்டாள். சாயங்காலமும் ஒரு கட்டு. கிடாய் போர்ட்டிகோவில் குடியேறியது. முடுக்கத் தடியை எடுத்த காவல்காரன் கந்தன், அதன் நெற்றியில் மஞ்சளைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைப் பாலில் தழை வாசம் மட்டும்தான் இருந்தது. அன்றே திரிய வைத்துக் கட்டினாள். ஞாயிறு காலை மூன்று கட்டிகளை அழுத்திப் பார்த்து, ஒன்றைத் தள்ளி இரண்டை எடுத்தாள்.

"பிரிட்ஜ்லயே இருக்கட்டும், கடைசியா எடு" என்றார் மேனேஜர்.

"வெளிய எடுத்தாச்சுங்க. நீங்க அந்தப்பக்கம் போங்க."

நறுக்கி, மேலே கொல்லிமலைத் தேனைச் சொட்டவிட்டு அனுப்பினாள். கதவிடுக்கில் நின்று பார்த்தாள். வந்தவர்களில் மூத்தவர் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். நல்லம்மாள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். பிறகு அவர் விழுங்கினார்; தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேனேஜர் சமையலறைக்கு ஓடி வந்தார். வாயெல்லாம் பல்.

"அந்தக் கோயமுத்தூர் ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன், நல்லம்மா."

"வரட்டுங்க. வெங்காயம் உரிக்க எனக்கும் ஒரு ஆள் வேணுமுங்க."