ஆறு விநாடி

என் தங்கையின் வீட்டுக்காரரைப் பட்டறையில் ‘கலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். மூக்கில் கட்டிய கைக்குட்டைதான் பாதுகாப்பு. சிவப்புக் கார் அடித்த அன்று சளியும் சிவப்பாக வரும். அதையும் கேலி பண்ணிச் சிரிப்பார். ஐம்பது வயதில் நுரையீரல் கெட்டது. செருப்பு மாட்டக் குனிந்தாலே இரைக்கும்.

நெஞ்சு ஆஸ்பத்திரி நான்கு மணி நேரப் பயணம். அலைய வேண்டாம் என்று ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்து, உள்ளங்கை அளவில் ஊதும் கருவி கொடுத்தார்கள். தினமும் காலையில் ஊதினால் அளவு செல்போன் வழியாக டாக்டருக்குப் போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் வீடியோவில் பேசுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே மூச்சில் ஆறு விநாடி ஊத வேண்டுமாம். மூன்று நாள் பதிவு வராவிட்டால் கருவி அடுத்தவருக்குப் போய்விடுமாம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ.

முதல் மாதம் முக்கி முனகி ஊதினார். பிறகு மூன்றாவது விநாடியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. “பதிவு செல்லாது. மீண்டும் ஊதவும்” என்றது போன்.

“ஊதுற சங்க ஊதி வைப்போம்” என்று மறுபடி ஊதுவார். கண் பிதுங்கும். உதடு நீலம் பாரிக்கும். போன் அதையேதான் சொல்லும்.

மூன்றாம் நாள், கருவி போனால் டாக்டரும் போய்விடுவார் என்று பயந்து என் தங்கை ஊதிவிட்டாள். பச்சை டிக் விழுந்தது. அப்புறம் தினமும் அவள்தான் ஊதினாள்.

வீடியோவில் வந்த டாக்டர் அளவுகளைத்தான் பார்த்தார். “நல்லா தேறிட்டீங்க. மருந்தப் பாதியாக் குறைச்சுக்கலாம்.” மச்சான் பேச வாயெடுப்பதற்குள் இருமல் முந்திக்கொண்டது. தங்கை பயத்தில் வாயே திறக்கவில்லை. நான்கே நிமிடம், முடிந்தது.

மருந்தைக் குறைத்த பத்தாம் நாள், மூச்சுத் திணறிய அவரை நான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில்தான் தங்கை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. டாக்டரைப் பார்க்கும் வரைதான் அந்தக் கோபம்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் அவள் மேல் பாய்ந்தார். “எங்க ஆராய்ச்சியவே கெடுத்துட்டீங்களேம்மா.”

நான் குறுக்கே புகுந்தேன். “அதுக்கு முந்தி இவர் அரைகுறையா ஊதினதெல்லாம் எங்க போச்சு டாக்டர்?”

“ஆறு விநாடி வராத பதிவ சிஸ்டமே நீக்கிடும். தரம் முக்கியம் பாருங்க.”

“அப்ப ஊத முடியாதவன் ஒருத்தனும் உங்க கணக்குல வரமாட்டான். மிச்சம் இருக்கறவங்களப் பாத்து எல்லாரும் தேறிட்டாங்கன்னு எழுதுவீங்க, அப்படித்தான?”

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மச்சானின் பெயருக்கு எதிரே ‘தானாக விலகினார்’ என்று அடித்தார். தானாகவாம்.

எதிர்க் கட்டிலில் மச்சான் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். அவரும் அதைப் படித்துவிட்டார்.

“நான்... எங்க... விலகினேன்?” என்று என்னைக் கேட்டார். மூன்று வார்த்தைக்கு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.