நூலக்கா போட்ட நடைபாதை

தன் பொறுப்பில் முதன்முதலாகப் போட்ட நடைபாதையில் ஒரே ஒரு மனிதர் மட்டும் ஏன் ஒழுங்காக நடக்க மாட்டேன் என்கிறார் என்று நூலக்காவுக்கு விளங்கவில்லை.

திறப்பு விழா வரும் திங்கட்கிழமைதான். அதுவரை ஊர் காத்திருக்குமா? கலவை காய்ந்ததுமே ஏறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிய தடத்தில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக வரும் அந்த மனிதர் மட்டும் ஓரடி வைப்பார், நிற்பார், சாலைப் பக்கம் காதைத் திருப்புவார். மறுபடி ஓரடி, மறுபடி நிற்பார். பாதித் தெருவில் அலுத்துப்போய்ப் பாதையை விட்டு இறங்கி, பழையபடி லாரிகளுக்கு நடுவில் போய்விடுவார். தெருக்கோடி ஆஸ்பத்திரியில் அவர் டெலிபோன் ஆபரேட்டர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

நூலக்கா கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தவள். கலவைச் சட்டி தூக்காத நேரத்தில் கொத்தனார்களுக்கு மட்டம் பார்க்கும் நூலின் மறுமுனையைப் பிடிப்பாள். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நூலைப் பிடித்தவள் சும்மா பிடிக்கவில்லை. இங்கே ஏன் தண்ணீர் வாட்டம் வைக்கிறீர்கள், அங்கே ஏன் இடைவெளி விடுகிறீர்கள் என்று கொத்தனார்களின் உயிரை எடுப்பாள். "முதல்ல சட்டியை இறக்கு, அப்புறம் கேளு" என்பார்கள். சட்டியை இறக்கிவிட்டுக் கேட்பாள். கேட்டுக் கேட்டே கரணை பிடிக்கும் கொத்தனார் வேலையைக் கற்றுக்கொண்டாள்.

சந்தையிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனி வழி என்று நகராட்சி முடிவெடுத்தபோது வேலை குவிந்தது, கொத்தனார் கிடைக்கவில்லை. இருந்த மூத்த கொத்தனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எஞ்சினியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரித் தெருவை நூலக்காவிடம் கொடுத்தார்.

"இது சரியா வந்தா அடுத்த தெருவும் உன் கையிலதான். சொதப்புச்சுன்னா பழையபடி சட்டிதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பாதையில் பதிக்கும் டைல்ஸ் ஓடுகள் வந்து இறங்கின. சாம்பல் நிறம் போக, மஞ்சளில் இரண்டு வகை. ஒன்றில் நீள நீளமாகக் கோடு புடைத்திருந்தது, இன்னொன்றில் பட்டாணி மாதிரி புள்ளிகள். "இது எதுக்கு சார்?" என்று கேட்டிருக்க வேண்டும். எஞ்சினியர் போனும் கையுமாக, "நடுவுல ரெண்டு வரிசை மஞ்சள் ஓடணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கேட்டவள், பொறுப்பு வந்த அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை. கொத்தனார் ஆன பிறகும் சித்தாள் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும் என்று ஒரு கூச்சம்.

கோடு, புள்ளி, கோடு, புள்ளி என்று சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றிப் பதித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. எஞ்சினியர் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார். பஸ் ஓட்டும் புருஷன் வந்து பார்த்துவிட்டு, "இதுல செருப்புக் காலோட நடக்கவே மனசு வரல. பேத்து எடுத்து வீட்டுச் சுவத்துல மாட்டிரலாமா?" என்றான்.

இவ்வளவு பேருக்குப் பிடித்த பாதை அந்த ஒருவருக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? வியாழக்கிழமை காலையில் பொறுக்க முடியாமல் அவர் எதிரே போய் நின்றாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாதையைப் போட்டது நான்தான். ஏன் நின்னு நின்னு போறீங்க?"

"நீங்கதான நிக்கச் சொல்றீங்க."

"நானா?"

அவர் கோலின் நுனியால் புள்ளி ஓட்டைத் தட்டினார். "இது புள்ளி. புள்ளின்னா நில்லு, முன்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம்." கோல் அடுத்த ஓட்டுக்குத் தாவியது. "இது கோடு. கோடுன்னா பயமில்லாம நட. நீங்க நட, நில்லு, நட, நில்லுன்னு தெரு முழுக்க டிரில் வாங்குறீங்க. முதல் நாள் முன்னாடி குழி இருக்குன்னு நெனச்சு ரொம்ப நேரம் நின்னேன். பின்னாடி வந்தவங்க எனக்கு ஏதோ பிரார்த்தனைன்னு நெனச்சிருப்பாங்க."

நூலக்கா குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதுகூடப் பரவாயில்லம்மா. சைக்கிள் தடத்தைத் தாண்டுற இடத்துல புள்ளி வரணும். அங்க கோடு போட்டு நேரா உள்ள அனுப்புறீங்க. முந்தாநாள் ஒரு சைக்கிளுக்கும் என் கால் கட்டைவிரலுக்கும் நல்ல அறிமுகம் ஆச்சு."

"அப்ப எதுக்கு சார் இதுல வர்றீங்க?"

"இல்லன்னா மச்சான் வண்டியில பின்னாடி உக்காந்து வரணும். வழி நெடுக அவர் சம்பளக் கமிஷன் கதையைக் கேக்கணும். தனியா நடந்து வேலைக்குப் போறது எவ்வளவு நிம்மதி தெரியுமா? நாலு நாள் பாக்குறேன். சரிப்படலன்னா மச்சான்தான் கதி."

எஞ்சினியரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு வரைபடத்தை எடுத்துவரச் செய்து விரித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"படத்துல தெளிவாத்தான் போட்டிருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன்" என்று மெல்லச் சொன்னார். "சரி, திங்கக்கிழமை சேர்மன் வந்து திறந்துட்டுப் போகட்டும். அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்."

"திறந்த பாதையை யாரு சார் மறுபடி உடைக்க விடுவாங்க?"

"இப்ப உடைச்சா உன் பேருதான் கெடும்மா. பொம்பளை கொத்தனாரை வெச்சா இப்படித்தான்னு நாலு பேர் சொல்லுவான். அடுத்த தெருவை உனக்கு வாங்கித் தர என்னால முடியாது."

அடுத்த தெருவை நூலக்கா ஏற்கெனவே இரண்டு முறை நடந்து பார்த்துவைத்திருந்தாள். அதை நினைத்துக்கொண்டே போய் உளியை எடுத்தாள்.

"அக்கா, கண்ணு வெச்ச மாதிரி ஆயிருச்சே" என்றாள் கூட இருந்த சித்தாள் பெண்.

"கண்ணு வைக்கல. கண்ணு இல்லாதவருதான் பார்த்துச் சொன்னாரு. சட்டியைப் பிடி."

இறுகிய கலவையிலிருந்து ஓடு முழுசாக வருமா? புள்ளி ஓடுகள் பாதிக்குமேல் உடைந்தன. தெரு நீளத்துக்கு இரண்டு வரிசை போடக் கோட்டு ஓடுகள் பத்தாது. புதிதாக வரவழைக்க நாளும் இல்லை. உடைந்த சில்லுகளுக்கு நடுவில் குந்தியிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. இரண்டு வரிசையில் பாதிதானே கோடு? ஒற்றை வரிசையாக இழுத்தால் கடைசிவரை வந்துவிடுமே. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து ஆபரேட்டரிடம் கேட்டாள்.

"ஒத்தை வரிசை போதும்மா. நான் கோலைத்தான் தள்ளிட்டு வர்றேன், லாரியை இல்ல."

கை பழகிவிட்டதால் இடம் மாற்ற வேண்டிய கோட்டு ஓடுகள் முழுசாகவே வந்தன. உடையாமல் தப்பிய புள்ளி ஓடுகளைச் சைக்கிள் தடத்தைத் தாண்டும் இடங்களுக்கு ஒதுக்கினாள். மஞ்சள் பெயர்த்த மற்ற இடங்களில் சிமெண்டுப் பூச்சுதான். திங்கட்கிழமை சேர்மன் வந்து இறங்கியபோது பாதை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்றார் சேர்மன்.

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் ஆபரேட்டர் வந்துவிட்டார். கூட்டம் விலகியது. அவர் நின்று நின்று வரவில்லை. கோல் கோட்டை உரசிக்கொண்டே ஓட, அவரோடு கூடவே போகக் கூட்டத்தில் சிலர் எட்டிப்போட்டு நடக்க வேண்டியிருந்தது. சைக்கிள் தடத்தின் ஓரம் புள்ளி வந்ததும் கோல் நின்றது, அவரும் நின்றார். ஒரு சைக்கிள் சர்ரென்று கடந்தது. அவர் தாண்டி மறுபக்கக் கோட்டைப் பிடித்துப் போனார்.

சேர்மன் பின்னாலேயே போய், "எப்படி இருக்கு சார் பாதை?" என்றார்.

"மோசம். ஒரு வாரமா வேலைக்கு லேட்டா போறதுக்கு இதைத்தான் சாக்கு சொல்லிட்டிருந்தேன். அதையும் கெடுத்துட்டாங்க."

சேர்மன் சிரித்தார். பத்திரிகைக்காரர்கள் சிமெண்டுப் பூச்சை விட்டுவிட்டு ஆபரேட்டரைப் படம் எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் எஞ்சினியர் வந்தார். ஆள் இன்னும் வேர்வையில்தான் இருந்தார்.

"அடுத்த தெரு உனக்குத்தான். வரைபடத்தை ரெண்டு பேரும் உக்காந்து பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். ஆனா ஒண்ணு, டிசைன் கிசைன் எதுவும் வேணாம் தாயே."

"சரிங்க சார்."

மறுநாள் காலையில் நூலக்கா அடுத்த தெருவுக்குப் போனாள். நூலோ கரணையோ எடுத்துப்போகவில்லை. ஒரு தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருவோர மேட்டில் மின்பெட்டி வழிமறித்த இடம் வந்ததும் வண்டியோடு சாலையில் இறங்கினாள். பெட்டியைத் தாண்டியும் மறுபடி மேட்டில் ஏறவில்லை. அங்கே வண்டி போக இடம் தாராளமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க, ஒண்ணு கேக்கணும்" என்று கூப்பிட்டுக்கொண்டே நூலக்கா பின்னால் நடந்தாள்.